மலாயாவில் மூடப்பட்ட சீனப் பள்ளிகளும், யாரும் மூடாமலே மூடிப்போன தமிழ்ப் பள்ளிகளும்

சிங்கப்பூரில் "உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி" என்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை 1946ல் தொடங்கியவர்கள் நம் கடையநல்லூர்க்காரர்கள். (அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். எப்படி இருந்தாலும் தாமிரபரணியில் போய்ச் சேரும் சிற்றாற்றுச் சீமைதான்.) அந்தப் பள்ளி எப்படி வந்தது, எப்படி மூடியது என்று படிக்க ஆரம்பித்தால் அது தனிக்கதையாக இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த சீனப் பள்ளிகளின் கதையோடு பின்னிக்கிடக்கிறது. சீனப் பள்ளிகளை ஆங்கிலேய அரசு சட்டம் போட்டு மூடியது. தமிழ்ப் பள்ளிகளை மூட அதற்குச் சட்டமே தேவைப்படவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் பாடப்புத்தகத்தில் மலாயா என்றால் இரண்டே வரி. ஒன்று, ரப்பர் தோட்டத்துக்குத் தமிழர்கள் போனார்கள். இரண்டு, நேதாஜி அங்கே படை திரட்டினார். இடையில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனர்களின் பள்ளிகள்

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்து "நீரிணைக் குடியேற்றங்கள்" என்ற பெயரில் 1867 முதல் பிரிட்டிஷ் முடியின் நேரடிக் காலனி. உள்ளே இருந்த பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் மலாய்க் கூட்டு மாநிலங்கள். பெயருக்கு சுல்தான்கள், அதிகாரம் ஆங்கிலேயரிடம். ஈயச் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைகண்ணிக்கும் தென்சீனத்திலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே மொழி பேசியவர்கள் இல்லை. ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ், ஹக்கா, ஹைனான் என்று ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் பேசுவது அடுத்தவருக்குப் புரியாது. எனவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம், ஒரு கோயில், அந்தக் கோயில் திண்ணையில் ஒரு பள்ளி. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரியே என்று வைத்துக்கொள்ளலாம். பழைய நூல்களை மனப்பாடம் செய்வது, எழுத்துப் பழகுவது, கணக்குப் போடுவது, அவ்வளவுதான் பாடம்.

அரசாங்கம் இந்தப் பள்ளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காசும் கொடுக்கவில்லை, தொந்தரவும் கொடுக்கவில்லை. சீனர்கள் வேலைக்கு வந்தவர்கள், ஒருநாள் ஊர் திரும்பிவிடுவார்கள், அவர்கள் பிள்ளைகள் படிப்பு நம் பொறுப்பில்லை என்பதுதான் கணக்கு. மலாய் மொழியில் மட்டும் தொடக்கக்கல்வி இலவசம். ஆங்கிலப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன, அவை குமாஸ்தா தயாரிக்கும் இடம்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் நிலைமை மாறியது. சீனாவிலேயே கல்விச் சீர்திருத்தம் வந்துவிட்டது. அதைப் பார்த்து 1904ல் பினாங்கில் சுங் ஹுவா பள்ளி, 1906ல் சிங்கப்பூரில் ஹொக்கியன்காரர்களின் தாவ் நான் பள்ளி, அதே ஆண்டில் தியோச்சுக்காரர்களின் துவான் மோங் பள்ளி என்று நவீனப் பள்ளிகள் வரிசையாக வந்தன. பூகோளம், விஞ்ஞானம், தேகப்பயிற்சி எல்லாம் பாடத்தில் சேர்ந்தன. 1919ல் டான் கா கீ போன்ற பெரும் வணிகர்கள் முன்னின்று சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். எந்த ஒரு கூட்டத்துக்கும் தனியாகச் சொந்தமில்லாமல் எல்லாச் சீனர்களுக்கும் பொதுவான பள்ளி அது. பாடமொழியும் மெல்ல மெல்ல மாண்டரினுக்கு மாறியது. ஹொக்கியன் பிள்ளையும் ஹைனான் பிள்ளையும் முதன்முறையாக ஒரே மொழியில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்றால் அது இந்தப் பள்ளிகளால்தான்.

ஆங்கிலேயருக்குப் பயம் வந்த இடமும் இதுதான். தனித்தனியாகக் கிடந்த கூட்டங்கள் "நாம் சீனர்" என்று ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தன. 1909ல் சீனப் பேரரசு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. சீனத் தகப்பனுக்குப் பிறந்தவர் உலகத்தில் எங்கே இருந்தாலும் சீனக் குடிமகன் என்பது அதன் சாரம். 1911ல் புரட்சி, பேரரசு போய்க் குடியரசு வந்தது. சுன் யாட் சென்னுக்கு மலாயாச் சீனர்கள் பணமும் ஆதரவும் வாரிக் கொடுத்தவர்கள். பாடப்புத்தகம் ஷாங்காயில் அச்சாகி வரும், ஆசிரியர் சீனாவிலிருந்து வருவார், வகுப்பில் சீனக் கொடி. பிரிட்டிஷ் காலனிக்குள் இன்னொரு நாட்டின் வகுப்பறை!

1920: பத்துப் பேர் இருந்தால் பதிவு செய்

1919 மே 4 அன்று பெய்ஜிங்கில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து வெர்சாய் மாநாட்டில், ஜெர்மனி வசம் இருந்த ஷான்டுங் உரிமைகளைச் சீனாவிடம் திருப்பிக் கொடுக்காமல் ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்ற கோபம். அந்த அலை ஒரே மாதத்தில் மலாயாவுக்கு வந்துவிட்டது. ஜூன் 19 இரவு சிங்கப்பூரில் ஜப்பானியச் சரக்குகளை எதிர்த்துக் கலவரம், பினாங்கிலும் கலவரம். மாணவர்களும் ஆசிரியர்களும் இதில் இருந்தார்கள். ஜப்பான் அப்போது பிரிட்டனின் கூட்டாளி என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த ஆண்டு மே மாதம் பள்ளிப் பதிவு மசோதா வந்தது. அக்டோபரில் சட்டமாகிவிட்டது. மலாய்க் கூட்டு மாநிலங்களிலும் அதே மாதிரி ஒரு சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஒரு இடத்தில் வழக்கமாகக் கல்வி கற்றால் அது பள்ளிக்கூடம். அதைப் பதிவு செய்ய வேண்டும். நிர்வாகிகளின் பெயரையும், ஆசிரியர் ஒவ்வொருவரின் பெயரையும் பதிவு செய்ய வேண்டும். கல்வி அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அரசியல் பிரச்சாரத்துக்குப் பயன்படுகிறது என்று தோன்றினால் ஆளுநர் தன் ஆலோசனைக் குழுவோடு சேர்ந்து அந்தப் பள்ளியைச் சட்டவிரோதம் என்று அறிவித்துவிடலாம். முழுக்க மதபோதனை மட்டும் நடக்கும் இடங்களுக்கு விலக்கு உண்டு.

சட்டத்தில் "சீனர்" என்ற வார்த்தையே கிடையாது. எல்லாப் பள்ளிக்கும் பொது. ஆனால் யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டத்தைக் குறிவைக்கும் சட்டம் எப்போதும் பொதுச் சட்டம் என்ற சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறது.

சீனச் சமூகம் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மனு அனுப்பினார்கள். எதிர்ப்பை முன்னின்று நடத்திய சிலரை அரசு கைது செய்து நாடு கடத்தியது. இந்த நாடு கடத்தல் என்பது மலாயாவில் ஆங்கிலேயர் கையில் இருந்த பெரிய ஆயுதம். நம் ஊரில் வ.உ.சி.யைப் பிடித்தால் விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு என்று நடத்தி ஆக வேண்டும். அதுவே ஒரு பிரச்சாரம் ஆகிவிடும். மலாயாவில் அந்தச் சிக்கலே இல்லை. "நீ அந்நியன், கப்பல் ஏறு" என்றால் முடிந்தது.

1925க்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகியது. முக்கியமாக அடிவாங்கியவை ஹைனான்காரர்களின் இரவுப் பள்ளிகள். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் கடைசியாக வந்தவர்கள், ஏழைகள். நல்ல தொழிலெல்லாம் ஏற்கனவே மற்றவர்கள் கையில். இவர்களுக்குக் கிடைத்தது சமையல், வீட்டு வேலை, காப்பிக்கடை. பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வந்து எழுத்துப் படிப்பார்கள். அங்கே எழுத்தோடு சேர்ந்து இடதுசாரி அரசியலும் நடந்தது. அது உண்மைதான், ஆங்கிலேயர் கற்பனை இல்லை. 1927 மார்ச் 12, சுன் யாட் சென்னின் இரண்டாம் நினைவு நாள் ஊர்வலத்தில் இந்த இரவுப் பள்ளிக்காரர்கள் பெருந்திரளாக வந்தார்கள். கிரேத்தா ஆயர் போலீஸ் நிலையத்தின் முன்னால் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இரவுப் பள்ளிகள் மீது கெடுபிடி இன்னும் கடுமையானது. பல மூடப்பட்டன.

இதில் எனக்கு உறுத்துவது, அரசியல் பேசிய நான்கு பேரைப் பிடிக்கப் போய், எழுத்துப் பழக வந்த நாற்பது சமையல்காரர்களின் பள்ளியையும் பூட்டியதுதான். அவர்களுக்கு வேறு பள்ளியை அரசு காட்டவும் இல்லை.

1930ல் ஆளுநராக வந்த சிசில் கிளெமென்டி சீன மொழி நன்றாகப் படித்தவர். கான்டனீஸ் காதல் பாடல்களை இளவயதில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். ஹாங்காங்கில் ஆளுநராக இருந்துவிட்டு வந்தவர். இவ்வளவு சீன ரசிகர் வந்தால் என்ன ஆகும் என்று எதிர்பார்ப்பீர்கள்? கோமின்டாங் கட்சியை மலாயாவில் தடை செய்தார், பள்ளி மானியங்களில் கைவைத்தார். ஷாங்காய்ப் பாடப்புத்தகங்கள் தணிக்கைக்கு உள்ளாகிப் பல தடை செய்யப்பட்டன. மொழி மேல் பிரியம் இருப்பதும், அந்த மொழியில் பிள்ளைகள் படிப்பதை அனுமதிப்பதும் வேறு வேறு போலிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சீனப் பள்ளிகளின் எண்ணிக்கை குறைந்ததா என்றால், இல்லை. 1920களிலும் 30களிலும் ஏறிக்கொண்டே போனது. ஒன்றை மூடினால் வேறு பெயரில் வேறு தெருவில் இன்னொன்று. காரணம், பள்ளி அவர்களுடையது. கட்டிடம் சங்கத்தின் சொத்து. சம்பளம் வணிகர் கொடுத்த நன்கொடையும் பிள்ளைகள் கட்டிய கட்டணமும். அரசு மானியம் வந்தால் லாபம், நின்றால் கஷ்டம், ஆனால் அதனால் மட்டும் பள்ளி நின்றுவிடாது.

தோட்டத்துக் கொட்டகை

இனி நம்மவர்கள் பக்கம் வருவோம். மலாயாவில் தமிழ் வகுப்பு பழையது. 1816ல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஆரம்ப காலத்திலேயே தமிழ்ப் பிரிவு இருந்தது. ஆனால் பெருவாரியான தமிழ்ப் பிள்ளைகளின் கதை நகரத்தில் இல்லை. அது ரப்பர் தோட்டத்தில்.

1923 தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்தும்படி முதலாளிக்கு அரசு உத்தரவிடலாம். (இங்கேயும் அதே பத்து! சீனப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தால் சட்டம் கண்காணிக்க வரும், தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்தால் சட்டம் கொட்டகை போடச் சொல்லும்.) கேட்பதற்கு நல்ல சட்டம். நடந்தது வேறு. பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்ன சட்டம், எப்படிப்பட்ட பள்ளி என்று சொல்லவில்லை. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக. ஆசிரியர் என்பவர் கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியோ, தோட்டத்துக் கிராணியோ. காலையில் மரம் வெட்டிவிட்டு மதியம் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. பாடப்புத்தகம் சென்னை ராஜதானியிலிருந்து வந்தது. தன்னைச் சுற்றி ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் பார்த்திராத பிள்ளை காவிரியையும் வைகையையும் படித்தது.

அங்கே படித்துவிட்டு எங்கே போவது? மேலே தமிழில் உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆங்கிலப் பள்ளி நகரத்தில், கட்டணம் கட்ட வேண்டும். பத்து வயதானால் பிள்ளையும் புல் வெட்டவோ கொட்டை பொறுக்கவோ போனால் வீட்டுக்கு நாலு காசு. முதலாளிக்கும் அதுதான் வசதி. 1930களின் கடைசியில் மலாயாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தத் தோட்டக் கொட்டகைகள். அரசு நேரடியாக நடத்தியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்தப் பள்ளிகளை யார் மூட வேண்டும்? அவற்றைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. ஆசிரியரின் வேலையும் குடியிருப்பும் துரை கையில். அவர் வகுப்பில் என்ன பேசுவார்? பள்ளிப் பதிவுச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும்தான், ஆனால் அந்தச் சட்டத்தின் பல்லை இங்கே காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. ரப்பர் விலை விழுந்த 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் ஆள் குறைந்தால் பள்ளியும் போனது. மூடினார்கள் என்று யாரும் மனு எழுதவில்லை.

தமிழர்கள் பேசாமலே இருந்துவிட்டார்கள் என்று சொன்னால் அநியாயம். 1941ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் முறைகேடாக நடக்காதே, துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றெல்லாம் கோரிக்கைகள். அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் இருந்தது. கள்ளுக்கடையை மூடு, பள்ளிக்கூடத்தை நன்றாக நடத்து என்று கூலிக்காரர்கள் எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒரு பாடமாவது நம் புத்தகத்தில் வைத்திருக்கலாம். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கிவிட்டான். அதன்பிறகு பள்ளியைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? சீன ஆசிரியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். தோட்டத்துத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

நம் ஊரில் எப்படி?

ஒரு கேள்வி வரலாம். இதே ஆங்கிலேயர்தானே திருநெல்வேலியிலும் ஆண்டார்கள், இங்கே ஏன் இப்படிப் பள்ளிகளைப் பூட்டவில்லை? இங்கே அவர்களிடம் வேறு சாவி இருந்தது. அங்கீகாரமும் மானியமும்தான் அது. 1907ல் வந்த ரிஸ்லி சுற்றறிக்கை மாணவர்களும் ஆசிரியர்களும் அரசியலில் இறங்குவதைத் தடுக்கச் சொன்னது. கேட்காத நிறுவனத்துக்கு மானியம் போகும், இணைப்பு போகும், அங்கே படித்தவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் போகும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியில் மாணவர்களும் சேர்ந்து கிளர்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பட்டமும் உத்தியோகமும் அரசு கையில் இருக்கும்வரை கல்லூரியே தன் பையன்களை அடக்கிக்கொள்ளும். சீனப் பள்ளியில் படித்தவனுக்கு மலாயாவில் அரசு உத்தியோகம் எப்படியும் கிடையாது. பறிக்க ஒன்றும் இல்லாதவனை மிரட்ட முடியாதல்லவா, அதனால்தான் பூட்டு.

அரசு மானியம் வேண்டாம் என்று சொல்லித் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு பள்ளி எழுந்தது. வ.வே.சு. ஐயர் 1922ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம். அதை அரசு மூடவில்லை. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு என்ற விவகாரத்தில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்விக்கு அந்தப் பள்ளியால் பதில் சொல்ல முடியவில்லை. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் கல்யாணி தீர்த்தத்தில் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். குருகுலமும் நிலைக்கவில்லை. சமூகத்தின் காசில் நடக்கும் பள்ளி, சமூகத்தில் ஒரு பாதியை வேறு பந்தியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தஞ்சோங் பகாரில் ஒரு பள்ளி

மறுபடி கடையநல்லூர். நெசவு நொடித்தபோது அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். மற்ற ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போய்க் கடை வைத்து, சம்பாதித்து, ஊர் திரும்புவார்கள். இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். துறைமுகத்துப் பக்கம் தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். குடும்பமாகப் போனதால் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் பள்ளி வேண்டியிருந்தது. 1941ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946ல், அந்தச் சங்கம் பள்ளியைத் திறந்தது.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பெயரை வைத்தார்கள். அவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவர், அடக்கமானதும் அங்கேதான். ஆக, சிங்கப்பூரில் நம் சீமைப் பெயர். இந்தப் பள்ளி பிறகு இருந்த மேக்ஸ்வெல் ரோட்டிலிருந்து, 1927ல் துப்பாக்கிச் சூடு நடந்த கிரேத்தா ஆயர் நடந்து போகும் தூரம்தான். அந்த ஹைனான் சமையல்காரர்களும் இந்த மசாலாக்காரர்களும் உழைத்துப் பிழைத்தவர்கள். சங்கம் கூடி, காசு சேர்த்து, பள்ளி நடத்துவது என்ற வழியும் ஒன்றே. தோட்டத்துத் தமிழருக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருந்தது: பள்ளியின் சாவி.

இதற்குள் சீனப் பள்ளிகளோடு அரசின் மோதல் முற்றிவிட்டது. 1948ல் அவசரகாலம் அறிவித்த பிறகு கம்யூனிஸ்ட் என்ற பெயரில் சோதனையும் கைதும் அடிக்கடி நடந்தன. 1954 மே 13ல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து மாணவர்கள் போலீசோடு மோதினார்கள். 1956 அக்டோபரில் முதலமைச்சர் லிம் யூ ஹாக் அரசு சீன உயர்நிலைப் பள்ளியையும் சுங் செங் உயர்நிலைப் பள்ளியையும் மூட உத்தரவிட்டது. மாணவர்கள் வெளியேற மறுத்து உள்ளேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணீர்ப்புகை போட்டு விரட்டினார்கள். ஊர் முழுக்கக் கலவரம், 13 பேர் இறந்தார்கள்.

அதே 1956ல்தான் சிங்கப்பூர் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. சீனக் கல்வியைப் பற்றி ஆராயப் போட்ட குழு அது. அது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்ற நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று சொன்னது. இதை நாம் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிப் பேச அந்தக் குழு உட்காரவில்லை. சீன மாணவர்கள் தெருவில் இறங்கியதால் கிடைத்த சமத்துவத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்தது. 1960ல் உமறுப்புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியானது. தமிழ் வழியில் உயர்நிலை வரை படிக்கக்கூடிய ஒரே பள்ளி.

மலாயாவில் கணக்கு வேறு மாதிரி போனது. 1951ல் பார்ன்ஸ் குழு, சமூகப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய், ஆங்கிலத்தில் தேசியப் பள்ளிகள் என்றது. சீனக் கல்வியை ஆராய்ந்த ஃபென்-வூ அறிக்கை உடனே வந்து மறுத்தது. 1956 ரசாக் அறிக்கை தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளை அமைப்புக்குள் ஏற்றுக்கொண்டது. 1961 கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு கேள்வி வைத்தது. மானியம் வேண்டுமா, பாடமொழி வேண்டுமா? மொழிதான் வேண்டும் என்று நின்ற சீனப் பள்ளிகள் சொந்தக் காசில் தனியார் பள்ளிகளாக நடந்தன. இன்றும் மலேசியாவில் அப்படி அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. தமிழ் உயர்நிலைப் பள்ளிக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

1957ல் மலாயா விடுதலையானபோது 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் 530க்கும் குறைவு. எல்லாவற்றையும் அரசு உத்தரவு போட்டு மூடவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் வீட்டு மனையானது, ஆட்கள் நகரத்துக்குப் போனார்கள். பள்ளி நின்ற நிலம் தோட்டத்தின் நிலம். சின்னப் பள்ளிகள் சில பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்பட்டதும் உண்டு. எது எப்படியோ, முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் போயின. அதில் எதற்காகவும் கிரேத்தா ஆயரில் நடந்தது போல ஒன்று நடந்ததாக வரலாற்றில் இல்லை.

உமறுப்புலவர் பள்ளிக்கும் முடிவு வந்தது. சாவி சங்கத்திடம் இருந்தது, மானியமும் இருந்தது, போலீஸ் வரவில்லை. பிள்ளைகள்தான் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை ஆங்கிலத்தில் என்றானதும் பெற்றோர் ஆங்கிலப் பள்ளியைத் தேடிப் போனார்கள். கடையநல்லூர்க்காரர்களும் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நானும் அப்படித்தான் ஆங்கில வழியில் படிக்கிறேன். 1982ல் பள்ளி மூடியது. அதே காரணத்தால் சீனப் பள்ளிகளும் அங்கே காலியாகி, 1987ல் எல்லாப் பள்ளியும் ஆங்கில வழி ஆகிவிட்டது. 1920 சட்டத்தால் முடியாததைச் சம்பளப் பட்டியல் செய்து முடித்தது.

பெயர் மட்டும் போகவில்லை. 1983ல் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் என்று தொடங்கினார்கள். பல பள்ளிகளின் பிள்ளைகள் தமிழை ஒரு பாடமாகப் படிக்க அங்கே வந்து போகிறார்கள். இப்போது அது பீட்டி ரோட்டில் இருக்கிறது.